பிரிட்டனின் 1939 பதிவேடு: சந்தா கட்டும் முன்பும் விண்ணப்பம் போடும் முன்பும்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடுகிறவர் 1921இல் இருந்து 1951 வரையிலான முப்பது ஆண்டுகளைக் கடக்க வேண்டுமென்றால், அவருக்குக் கிடைக்கும் ஒரே முழுமையான பெயர்ப்பட்டியல், போர் தொடங்கியதும் அடையாள அட்டை கொடுப்பதற்காக எடுத்த 1939 பதிவேடுதான். 1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942 டிசம்பரில் மிடில்செக்ஸின் ஹேய்ஸில் நடந்த தீவிபத்தில் எரிந்து போயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே எடுக்கவில்லை. 1951 கணக்கெடுப்பு 2052 வரை பொதுமக்கள் பார்வைக்கு வராது. இந்தப் பதிவேட்டை இணையத்தில் தரும் தளங்களும், அதில் மறைத்து வைக்கப்பட்டவர்களின் விவரத்தைக் கேட்டு வாங்கும் விண்ணப்ப முறையும் எந்த அளவுக்கு உதவும், எங்கே கைவிடும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடு காசுக்கு மதிப்புள்ளது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் படிப்பது போல இதைப் படித்தால் பாதி விவரம் கண்ணில் படாமலே போகும். விண்ணப்பம் போட்டுக் கேட்பதில் பலன் கிடைப்பதும் கிடைக்காததும் நீங்கள் இணைத்து அனுப்பும் சான்றைப் பொறுத்தது.

இது எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் இதிலுள்ள பிழைகள் ஏன் வந்தன என்பது புரியும். தேசியப் பதிவுச் சட்டம் 1939 செப்டம்பர் 5 அன்று நிறைவேறியது. செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு யார் யார் எந்த வீட்டில் இருந்தார்களோ அவர்களையெல்லாம் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறும் திங்களும் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போய்ப் படிவத்தை வாங்கிச் சரிபார்த்து, தங்கள் புத்தகத்தில் பார்த்தெழுதி, வாசலிலேயே அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த வேலையில் ஏறத்தாழ 65,000 பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர் கைப்பட நிரப்பிய படிவங்கள் இன்று இல்லை. நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் பார்த்தெழுதிய பிரதி. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது வீட்டார் செய்த பிழையாக இருக்கலாம், கணக்கெடுப்பாளர் செய்ததாக இருக்கலாம், 2015இல் கணினியில் ஏற்றியவர் செய்ததாகவும் இருக்கலாம். மூன்று இடத்திலும் பிழை நுழைய வழி உண்டு.

இப்படிச் சேர்ந்தது ஏறத்தாழ 4 கோடி பேரின் விவரம், 7,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள். லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இதன் வரிசைக் குறி ஆர்.ஜி. 101.

பக்கத்தில் என்ன இருக்கிறது

முகவரி, படிவ எண், வீட்டிலுள்ளவர்களின் வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா, பிறந்த நாள் மாதம் ஆண்டு, திருமண நிலை, தொழில். முழுப் பிறந்த தேதி இருப்பதுதான் இதன் பெரிய பலம். பழைய கணக்கெடுப்புகளில் வயது மட்டும்தான் இருக்கும். தேதி கையில் இருந்தால் பிறப்புச் சான்றிதழைத் தேடுவது பாதி முடிந்த வேலை. இறப்பைத் தேடவும் அது உதவும்: இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புப் பட்டியலில் 1969ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டிலிருந்து இறந்தவரின் பிறந்த தேதியும் அச்சாகியிருக்கும். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் தேதி பொருந்துகிறவர் ஒருவரைப் பிரித்து எடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: நாளும் மாதமும் சரியாக இருந்து ஆண்டு மட்டும் ஒன்றிரண்டு பிசகியிருப்பது சாதாரணம். தேடும்போது ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு இடம் விடுங்கள்.

இல்லாதவை இரண்டு, இரண்டுமே முக்கியமானவை. குடும்பத் தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்பது இல்லை. பிறந்த ஊரும் இல்லை. ஆகவே ஒரே குடும்பப் பெயரில் ஒரே வீட்டில் இருக்கும் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா என்பதைப் பதிவேட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. திருமண நிலைப் பத்தியை வைத்து ஊகிக்கலாம், உறுதி செய்யத் திருமணச் சான்றிதழ்தான் வேண்டும். விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களில் பெயருக்கு அருகில் ஓ, வி, எஸ், பி, ஐ என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருக்கும். முறையே அலுவலர், விருந்தினர், பணியாள், நோயாளி, உள்ளிருப்பவர் என்று பொருள். நீங்கள் தேடும் ஆள் மருத்துவமனையில் வேலை பார்த்தவரா, படுத்திருந்தவரா என்பதை அந்த ஓர் எழுத்து சொல்லிவிடும்.

பெண்களில் பெரும்பாலோரின் தொழில் பத்தியில் ‘ஊதியமில்லா வீட்டுவேலை’ என்பதற்கான ஆங்கிலத் தொடர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அவர் எங்கும் வேலைக்குப் போகவில்லை என்று எழுதிவிடக் கூடாது. வலது ஓரத்தில் வான்தாக்குதல் காவலர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்று போர்க்காலத் தொண்டு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தளங்கள் தட்டச்சு செய்து தரும் எழுத்தாக்கப் பிரதியில் இது பல நேரம் வராது. மூலப் படத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்ததாக, பலர் கவனிக்காமல் விடும் ஒன்று. இந்தப் புத்தகங்கள் 1939இல் மூடி வைக்கப்படவில்லை. ரேஷனுக்கும் அடையாள அட்டைக்கும் 1952 பிப்ரவரி வரை பயன்பட்டன. 1948இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை இதையே தன் மையப் பதிவேடாக எடுத்துக்கொண்டு 1991 வரை திருத்தி வந்தது. அதனால் ஒரு பெண் 1953இல் கல்யாணம் செய்துகொண்டிருந்தால் பழைய குடும்பப் பெயரை அடித்துவிட்டு, மேலே வேறு மையில் புதுப் பெயரை எழுதி, பக்கத்தில் தேதியையும் குறித்திருப்பார்கள். இரண்டாம் திருமணம் என்றால் மூன்றாவது பெயரும் இருக்கும். பெண்வழி உறவுகள் நூல் அறுந்து போகிற இடத்தில் இந்த ஒரு வரி மறுபடி முடிச்சுப் போட்டுத் தருகிறது. தளங்களில் இரு பெயராலும் தேடலாம். எழுத்தாக்கத்தில் இரண்டும் சேர்ந்தே வரும்.

இதே காரணத்தால், வீட்டில் பழைய மருத்துவ அட்டை கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். 1990களில் பத்து இலக்க எண் வரும்வரை, 1939இல் பதிவானவர்களின் சுகாதாரச் சேவை எண் அவர்களின் அடையாள அட்டை எண்ணேதான். நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு படிவ எண், கடைசியில் வீட்டில் அவர் எத்தனையாவது ஆள் என்ற எண். அந்த நான்கு எழுத்து எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்பதைக் காப்பகத்தின் பட்டியலில் தேடலாம். முகவரி தெரியாமல் தவிக்கும்போது இதைவிட நேரான வழி கிடையாது.

தேடும்போது தவறுவது எங்கே

பதிவேட்டை 2015 நவம்பரில் முதலில் வெளியிட்டது ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற சந்தாத் தளம். ஆன்செஸ்ட்ரி என்ற மற்றொரு சந்தாத் தளத்தில் 2018இல் வந்தது. ஃபைண்ட்மைபாஸ்டில் தெருப் பெயரை வைத்துத் தேட வசதி உண்டு. முகவரி தெரிந்தவர்கள் ஆள் பெயரை விட்டுவிட்டு அங்கிருந்தே தொடங்கலாம். பெயர் எழுத்து எப்படிச் சிதைந்திருந்தாலும் வீடு இருந்த இடத்தில்தான் இருக்கும்.

பெயர் வழியாகத் தேடுகிறவர்கள் நிறைய நிரப்பாதீர்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால் ஒரே ஒரு எழுத்துப்பிழை போதும், ஆள் மறைந்துவிடுவார். முதற்பெயர், பிறந்த ஆண்டு, மாவட்டம் என்று மூன்றோடு தொடங்குங்கள். வரவில்லை என்றால் குடும்பப் பெயரின் நடு எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் பெயரையே எடுத்துவிட்டுப் பிறந்த தேதியையும் ஊரையும் மட்டும் கொடுங்கள்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போய் அன்று பிரிட்டனில் இருந்த மாணவர்களையும் மருத்துவர்களையும் தேடுகிறவர்களுக்கு இந்தக் கடைசி முறைதான் உதவும். நம் பெயர்களில் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் தலைப்பெழுத்தாக நிற்கும், சொந்தப் பெயர் கடைசியில் வரும். கணக்கெடுப்பாளர் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார். முதற்பெயர்க் கட்டத்தில் வெறும் தலைப்பெழுத்துகள் மட்டும் இருக்கும். நெடிலுக்கு ஓர் எழுத்தா இரண்டா, ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்து என்பதும் எழுதியவர் காதுக்குப் பட்டபடிதான். தேதி தெரிந்தால் தேதியை நம்புங்கள்.

குழந்தைகளைத் தேடும்போது பெற்றோர் வீட்டில் இல்லையே என்று பதற வேண்டாம். செப்டம்பர் 1 முதல் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேரை, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை, நகரங்களிலிருந்து கிராமப்புறங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். பதிவு நாள் அதற்கு நான்கு வாரம் கழித்து. ஆகவே லண்டன் குழந்தை முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் நாட்டுப்புறத்தில் பதிவாகியிருக்கும். அரசு அலுவலகங்களும் சில நிறுவனங்களும் இடம் மாறியதால் பெரியவர்களும் இப்படியே சிதறியிருப்பார்கள். பள்ளியின் பெயர் தெரிந்தால், அந்தப் பள்ளி எந்த ஊருக்கு மாற்றப்பட்டது என்று உள்ளூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுவிட்டு அந்த ஊரில் தேடுங்கள்.

இன்னும் ஒன்று: பக்கத்தின் அடியில் தொடங்கும் வீடு அடுத்த பக்கத்தின் தலையில் முடியலாம். எழுத்தாக்கத்தில் குடும்பம் குறைவாகத் தெரிந்தால் அடுத்த படத்தையும் திறந்து, அதே படிவ எண் தொடர்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காதவர்களும் உண்டு. படைமுகாம்களிலும் கடற்படை, விமானப்படை நிலையங்களிலும் இருந்த வீரர்கள் இதில் சேரவில்லை. விடுப்பில் வந்திருந்தவர்கள் சேர்ந்தார்கள். 1939 செப்டம்பர் 29க்குப் பிறகு பிறந்தவர்களை இதில் தேடிப் பயனில்லை.

கறுப்பு வரியும் விண்ணப்பமும்

பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர், அவர் இறந்ததற்குச் சான்று இல்லாதவரை, உயிரோடு இருப்பதாகவே கொள்ளப்படுவார். அவருடைய வரி கறுப்பால் மூடப்பட்டு, ‘இந்தப் பதிவு மூடப்பட்டுள்ளது’ என்ற குறிப்போடு நிற்கும். 1991க்கு முன் இறந்தவர்கள் பலரின் இறப்பு பதிவேட்டிலேயே குறிக்கப்பட்டதால் அவர்களின் வரி திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு இறந்தவர்களும், வெளிநாடு போய் இறந்தவர்களும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். வருடா வருடம் நூறைத் தொட்டவர்கள் தாமாகவே திறக்கப்படுகிறார்கள். ஒரு தளத்தில் கறுப்பாக இருக்கும் வரி மற்றொன்றில் திறந்திருக்கவும் கூடும். விண்ணப்பத்துக்கு முன் இரண்டையும் பாருங்கள்.

மூடிய வரியும் கொஞ்சம் பேசும். வீட்டின் வரிசை எண்களைப் பாருங்கள்: 1 தந்தை, 2 தாய், 3 மூடியது, 4 திறந்திருக்கும் ஒரு மகள் என்றால், மூன்றாமவர் அந்த மகளுக்கு மூத்த பிள்ளையாக இருக்க வாய்ப்புண்டு. உறுதியான விதி அல்ல, ஆனால் யாருடைய இறப்புச் சான்றிதழைத் தேட வேண்டும் என்று தீர்மானிக்க உதவும்.

திறக்க இரண்டு வழி. ஃபைண்ட்மைபாஸ்டில் அந்த வீட்டின் பக்கத்திலிருந்தே இறப்புச் சான்றிதழின் படத்தை ஏற்றிக் கேட்கலாம், இதற்குக் கட்டணம் இல்லை. அந்த ஆள் எந்த வீட்டில் இருந்தார் என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் இது போதும். எந்த வீடு என்றே தெரியாத நிலையில் தேசிய ஆவணக் காப்பகத்திடம் தகவலறியும் சட்டப்படி கேட்க வேண்டும். சட்டம் குறிக்கும் காலக்கெடுவுக்குள் பதில் வர வேண்டும்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலான காரணம் விவரப் பஞ்சம். முழுப் பெயர், 1939இல் இருந்த பெயர், பிறகு மாறிய பெயர்கள் அனைத்தும், பிறந்த தேதி, அன்றைய முகவரி, இறந்த தேதி, சான்றிதழின் நகல் ஆகிய அனைத்தும் முதல் கடிதத்திலேயே போக வேண்டும். வீடு தெரிந்திருந்தால், கூடவே கறுப்பு வரிக்கு நேர் மேலே திறந்திருக்கும் ஆளின் முழு ஆவணக் குறியை எழுதுங்கள்: ஆர்.ஜி. 101, தொகுதி எண், பக்க எண், வரி எண், நான்கு எழுத்துக் குறி. ‘இதற்கு அடுத்த வரி’ என்று நீங்கள் சுட்டிக்காட்டினால் பார்க்கிறவர் புத்தகத்தைத் துழாவ வேண்டியதில்லை. சான்றிதழில் உள்ள பெயரும் 1939 பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் இணைக்கும் திருமணச் சான்றிதழையும் வையுங்கள். இந்த ஒன்றை விட்டதால்தான் பெண்களுக்கான கோரிக்கைகள் பல மாட்டிக்கொள்கின்றன.

செலவு என்று பார்த்தால் சான்றிதழ்தான் கனம். இங்கிலாந்து, வேல்ஸ் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் 2024 ஏப்ரல் முதல் 12.50 பவுண்டு. ஏற்கெனவே குடும்பத்தில் யாராவது வைத்திருப்பார்கள், முதலில் அவர்களைக் கேளுங்கள்.

எந்தத் தளத்துக்குக் காசு

கியூ காப்பகத்தின் வாசிப்பறைக் கணினிகளில் இலவசம். பிரிட்டனின் பல உள்ளாட்சி நூலகங்களும் இரண்டு தளங்களில் ஒன்றையாவது இலவசமாகத் தருகின்றன. ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று அமைப்பின் மையங்களிலும் இரண்டும் கிடைக்கும், மையங்கள் பல நாடுகளில் உள்ளன. வீட்டிலிருந்தே வேண்டும் என்கிறவர்கள் இலவசத் தேடலில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து, பட்டியல் தயார் செய்துகொண்ட பிறகு ஒரு மாதச் சந்தா எடுப்பதே சிக்கனம். எந்தச் சந்தா நிலையில் 1939 அடங்குகிறது என்பதைக் கட்டும் முன் பாருங்கள், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை அன்றே நிறுத்துங்கள், படங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் மட்டும் போதும் என்றால் முகவரித் தேடல் காரணமாக ஃபைண்ட்மைபாஸ்ட் எங்கள் தேர்வு. உலகெங்கும் பரவிய குடும்பம் என்றால் ஆன்செஸ்ட்ரி.

ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் இந்தத் தளங்களின் இங்கிலாந்துப் பதிவேட்டில் சேர்ந்தவை அல்ல. 1939இல் அங்கே இருந்தவரை இதில் தேடிக் காணவில்லை என்று நேரத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய. வட அயர்லாந்தின் பதிவேடு பெல்ஃபாஸ்டிலுள்ள பொது ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, 1939 முகவரி ஆகியவற்றோடு தகவலறியும் கோரிக்கையாக எழுதினால் தேடித் தருகிறார்கள். முகவரி சரியாக இருந்தால்தான் தேடுகிறவர் கை சரியான புத்தகத்துக்குப் போகும், ஆகவே தெருவும் ஊரும் மட்டுமின்றி நிலப்பிரிவுப் பெயரையும் (டவுன்லேண்ட் எனப்படும் சிறு நாட்டுப்புறப் பகுதி) எழுதுங்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ தேசியக் காப்பகம் நீண்ட காலமாக, இறந்தவர் ஒருவருக்கு ஒரு சாற்றுப் பிரதி (அவரது பதிவை மட்டும் எடுத்தெழுதிய நகல்) என்ற முறையில் கட்டணம் வாங்கிக்கொண்டு தந்து வந்திருக்கிறது. வீடு முழுவதையும் அறிய வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆகும் செலவு கையைக் கடிக்கும். முக்கியமான ஒருவரை மட்டும் தேர்ந்து கேளுங்கள்.

ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி முதலிய கால்வாய்த் தீவுகள் வேறு கதை. ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் 1941இல் ஜெர்சியில் எடுத்த பதிவு அட்டைகள் 30,000க்கும் மேல், புகைப்படங்களோடு ஜெர்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முகத்தையே பார்க்க முடிகிற போர்க்காலப் பதிவு அது.

படையில் இருந்ததால் பதிவேட்டில் விடுபட்டவர்களுக்குப் போகவேண்டிய இடம் அவர்களின் பணி ஆவணம். பாதுகாப்பு அமைச்சகம் தன்னிடமிருந்த ஆவணங்களை 2022 முதல் கியூ காப்பகத்துக்கு மாற்றி வருகிறது, மொத்தம் ஏறத்தாழ 97 லட்சம். எந்தப் படையில், எந்த எண்ணில், எந்தப் பிறந்த தேதியில் என்ற மூன்றும் தெரிந்தால் காப்பகப் பட்டியலில் முதலில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அரசு இணையதளம் வழியே அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் இங்கும் கேட்கப்படும், ஆகவே 1939 பதிவேட்டுக்காக வாங்கிய நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.